ஒழுங்கையிலிருந்து தொடங்குங்கள்: வீடுடைப்பைத் தடுக்க அயலைச் சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு வீடு உடைக்கப்பட்டது என்று கேள்விப்பட்டதும் பெரும்பாலானோர் செய்வது இரண்டு வேலை: மதிலுக்கு மேல் இன்னும் இரண்டு வரி கல் வைப்பது, ஒரு கமரா வாங்குவது. இரண்டிலும் காசு போகும். ஆனால் முதலாவது பல நேரங்களில் கள்ளனுக்கே மறைப்பாகிவிடும். இரண்டாவதோ, பெரும்பாலும் களவு நடந்த பிறகுதான் பயன்படும்.

வீடுடைக்க வருபவன் முதலில் பார்ப்பது உங்கள் பூட்டை அல்ல. யாரும் கவனிக்காமல் இந்த ஒழுங்கைக்குள் வரலாமா, கதவை நெம்பும் அந்தச் சில நிமிடம் யார் கண்ணிலும் படாமல் நிற்கலாமா, வந்த வழி அடைபட்டால் வேறு வழியால் போகலாமா என்றுதான் பார்ப்பான். இந்த மூன்றுக்கும் பதில் உங்கள் வீட்டுக்குள் இல்லை. பாதை, மதில், மரம், வெளிச்சம், வெறும் வளவு, பக்கத்து வீட்டு யன்னல் ஆகியவற்றில்தான் இருக்கிறது. அதனால் திருகோணமலை அயல்களுக்கான இந்த வழிகாட்டி வெளியே தொடங்கி உள்ளே வருகிறது. பூட்டு கடைசியில்தான் வரும். வரிசையை மாற்றினால் செலவு கூடும், பலன் குறையும்.

1. நடக்கத் தொடங்குமுன் தயார் செய்ய வேண்டியவை

வேலை இதுதான்: அயலை நடந்து பார்த்து, வழிகளையும் பலவீனமான இடங்களையும் ஒரு தாளில் வரைபடமாகக் குறிப்பது. தனியாகச் செய்ய வேண்டாம். நான்கு பேர் போதும், ஆனால் நான்கு பேரும் நான்கு விதமாக இருக்க வேண்டும். பகல் முழுதும் வீட்டில் இருக்கும் ஒரு அம்மா, இரவு பிந்தி வேலையால் வரும் ஒருவர், குறுக்குப் பாதையெல்லாம் தெரிந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, ஒழுங்கையின் அடுத்த அந்தத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்காரர். ஒருவருக்குத் தெரியாத நேரமும் இடமும் மற்றவருக்குத் தெரியும். குடும்பத் தலைவர்கள் மட்டும் கூடிச் செய்த வரைபடங்களில் பகல் 10 மணிக்கு ஒழுங்கை எப்படி இருக்கும் என்பதே இருக்காது, ஏனென்றால் அந்த நேரம் அவர்கள் அங்கே இருப்பதில்லை.

பொருட்கள்: ஒரு பெரிய தாள், மூன்று நிறப் பேனை, 5 மீற்றர் அளவுநாடா, ஒரு ரோச் லைற். இரண்டு நடை தேவை. ஒன்று பாடசாலை நாளில் காலை 9 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் இடையில். மற்றது அமாவாசையை அண்டிய ஓர் இரவில், 8 மணிக்குப் பிறகு. நிலாக் காலத்தில் நடந்தால் இருட்டான இடங்கள் கண்ணில் படாது.

நடப்பதற்கு முன் கிராம உத்தியோகத்தருக்கும் ஊரில் பொலிஸோடு சேர்ந்து இயங்கும் பாதுகாப்புக் குழுவுக்கும் சொல்லிவிடுங்கள். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு ஒரு கூட்டம் நடந்தால் அயல் பதறும். ஒவ்வொரு வீட்டாரிடமும் அனுமதி கேளுங்கள், மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிட்டு நகருங்கள்.

முக்கியமான ஒன்று: வரைபடத்தைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவிலோ முகநூலிலோ போடக் கூடாது. அது எந்த வீட்டுக்கு எந்தப் பக்கத்தால் போகலாம் என்ற பட்டியல். ஒரே ஒரு தாள், ஒரே ஒருவர் கையில்.

2. எல்லையைக் குறியுங்கள்

30 முதல் 40 வீடுகள். அதற்கு மேல் போனால் வேலை முடியாது.

புதிதாகச் செய்பவர்கள் தங்கள் ஒழுங்கையின் இரு பக்க வீடுகளை மட்டும் வரைவார்கள். ஆனால் உங்கள் பின்மதிலோடு ஒட்டிய வீடு வேறொரு வீதியில் இருக்கும். பின்பக்கத்தால் வருபவன் அந்த வீதியால்தான் வருவான். ஆகவே பின்வரிசை வீடுகளையும் சேர்த்தே எல்லை போடுங்கள். கிராம உத்தியோகத்தர் பிரிவின் எல்லை இதற்குப் பொருந்தாது.

திருகோணமலையில் நிலத்தின் அமைப்பும் எல்லையை மாற்றும். உவர்மலை போன்ற சரிவான இடத்தில் மேல் வீதியில் நின்றால் கீழ் வீட்டின் கூரையும் பின்முற்றமும் தெரியும், எனவே மேல் வீதியும் உங்கள் படத்துக்குள் வர வேண்டும். திருக்கடலூர்ப் பக்கம் கடற்கரையே ஒரு பாதை. அங்கே ‘பின்பக்கம் கடல்தானே’ என்று விட்டுவிடுவது பெரிய பிழை. தண்டவாளத்தை அண்டிய வீடுகளுக்குத் தண்டவாளமும் ஒரு வீதிதான். சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் தென்னந்தோப்பு வளவுகள் பெரிது. அங்கே வீடுகளின் எண்ணிக்கையைப் பாராமல், நடந்தால் 5 நிமிடத்தில் அடையும் தூரத்தை எல்லையாக எடுங்கள்.

3. வழிகளை வரையுங்கள்

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. வாகனம் போகும் பாதை சிவப்பு, நடந்து போகும் பாதை நீலம், மதில் தாண்டியோ வேலி இடைவெளியாலோ போகக்கூடிய இடம் பச்சை. பச்சைக் கோடுகளைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேளுங்கள். பந்து எடுக்க எந்த மதிலால் ஏறுவார்கள், மாங்காய்க்கு எந்த வேலியால் நுழைவார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

படம் முடிந்ததும் ஒழுங்கையின் வகையைப் பாருங்கள். மூன்று வகை உண்டு.

இரண்டு பக்கமும் திறந்த ஒழுங்கையில் அந்நியர் நடப்பது வழமை. அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே பிரதான வீதிச் சந்திக்கு அருகிலுள்ள முதல் இரண்டு மூன்று வீடுகளும் மூலை வீடும் கூடிய கவனத்துக்குரியவை. வீதியால் போகும்போதே நோட்டம் பார்க்க முடிவது அந்த வீடுகளைத்தான்.

முட்டுச்சந்தாக முடியும் ஒழுங்கை பொதுவாகப் பாதுகாப்பானது. யார் உள்ளே வந்தாலும் ‘ஆரைத் தேடுறியள்?’ என்று கேட்க ஒருவர் இருப்பார், வந்தவர் அதே வழியால்தான் திரும்பவும் வேண்டும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: பார்வைக்கு முட்டுச்சந்து, ஆனால் முடிவில் ஒரு நடைபாதையோ, வாய்க்கால் கரையோ, விழுந்த வேலியோ இருக்கும். அங்கே குடியிருப்போர் ‘இதுக்குள்ள ஆர் வரப்போகினம்’ என்று கதவைத் திறந்து விட்டிருப்பார்கள். வருபவனுக்கோ யாரும் எதிர்பாராத ஒரு வெளியேறும் வழி கிடைக்கிறது. உங்கள் படத்தில் சிவப்புக் கோடு முடியுமிடத்தில் நீலமோ பச்சையோ தொடங்கினால் அந்த இடத்தை வட்டமிடுங்கள். காசு போட்டுச் செய்யும் முதல் வேலை அங்கேதான்.

வாய்க்கால்களைத் தனியாகக் கவனியுங்கள். மாரியில் தண்ணீர் ஓடும்போது அது தடுப்பு. ஆனி, ஆடி, ஆவணியில் வற்றியதும் அதே வாய்க்கால் வீடுகளின் பின்புறமெல்லாம் தொட்டுச் செல்லும் பாதை. மாரியில் மட்டும் வரைந்த படத்தில் இது விடுபட்டுப் போகும்.

இனி எதை மூடுவது? இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வீட்டு வரிசைகளின் பின்புறச் சந்துகளுக்குக் கேற் போட்டபின் அப்பகுதிகளில் வீடுடைப்புக் கணிசமாகக் குறைந்தது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அங்கே கேற்றின் திறப்பு அந்தச் சந்தோடு ஒட்டிய வீட்டாரிடம் இருந்தது. அதைப் பார்த்து ஒரு நடைபாதைக்கு நீங்களாகவே தகரம் அடித்துவிடக் கூடாது. முதலில் மூன்று கேள்வி: அது யாருடைய நிலம், யார் அதால் நடக்கிறார்கள், மூடினால் அவர்கள் எவ்வளவு சுற்ற வேண்டும்? பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளும் கடலுக்குத் தொழிலாளரும் போகும் பாதையை மூடுவது அநியாயம். அத்தோடு அப்படி மூடிய தகரம் ஒரு மாதத்தில் பிடுங்கப்பட்டு, இரகசியமான ஓட்டையாக மாறும். பொதுப் பாதையென்றால் உள்ளூராட்சி சபையின் அனுமதியின்றி மூடவே முடியாது.

மூட முடியாத பாதையைத் திறந்து காட்டுங்கள். இருபுறமும் உள்ள பற்றையை வெட்டி, தகர வேலியின் மேற்பாதியைக் கழற்றிக் கம்பிவலை போட்டு, அந்தப் பாதையில் நடப்பவர் முழு உருவமும் இரண்டு வீட்டிலிருந்தாவது தெரியும்படி செய்தால் போதும். எல்லோரும் நடக்கும் பாதையால் தீங்கில்லை. யாரும் பார்க்காத பாதையால்தான் தீங்கு.

4. பகல் நடை: யார் கண் எங்கே எட்டுகிறது

ஒவ்வொரு வீட்டின் படலையிலும், பிறகு பக்கக் கதவிலும், பிறகு குசினிக் கதவிலும் ஒரு நிமிடம் நின்று சுற்றிப் பாருங்கள். ஆள் இருக்கும் எத்தனை யன்னலும் விறாந்தையும் உங்களைப் பார்க்கின்றன? எண்ணை எழுதுங்கள். எப்போதும் திரை போட்ட யன்னலை எண்ணக் கூடாது. பூட்டிய வீட்டின் யன்னலையும் எண்ணக் கூடாது. பூச்சியம் வந்த கதவுகளை வட்டமிடுங்கள்.

இந்த எண் நேரத்தோடு மாறும். எங்கள் வீடுகளில் காலை வேளையில் ஆட்கள் பின்பக்கம் இருப்பார்கள்: குசினி, கிணற்றடி, உடுப்புக் காயப்போடும் கொடி. அந்த நேரம் முன்பக்கம் வெறுமை. மாலையில் எல்லோரும் முன்னறையில் தொலைக்காட்சிக்கு முன். அப்போது பின்பக்கம் வெறுமை. அதனால் ஒரே வீட்டுக்குக் காலையில் முன்கதவும் இரவில் குசினிக் கதவும் பலவீனமானவை. இரண்டு நேரத்துக்கும் தனித்தனி எண் எழுதினால்தான் இது புலப்படும். ஒரே ஒரு முறை நடந்து முடித்தவர்கள் பாதியைத்தான் கண்டிருப்பார்கள்.

*மதில்.* வீதிப் பக்கத்தில் 3 அடி கல், அதற்கு மேல் 2 அல்லது 3 அடி கம்பிக் கிறில். இதுவே நல்ல அளவு. 6 அடி முழுக் கல் மதில் ஏறுவதற்குக் கடினம் என்பது உண்மை, ஆனால் ஏறிக் குதிக்கச் சில நொடிகள்தான். குதித்த பின் அவன் யார் கண்ணிலும் படாமல் எவ்வளவு நேரமும் வேலை செய்யலாம். எதிர்வீட்டு அக்கா விறாந்தையில் இருந்தும் பயனில்லை.

பெண்கள் குளிக்கும் கிணற்றடிக்கு மறைப்பு வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அதற்காக வளவு முழுவதையும் மறைக்கத் தேவையில்லை. கிணற்றடியை மட்டும் தனி மறைப்பால் சூழ்ந்து, வீதிப் பக்கத்தைத் திறந்து விடுங்கள். பல ஒழுங்கைகளில் இந்த ஒரு மாற்றமே எண்களைப் பூச்சியத்திலிருந்து மூன்று நான்காக உயர்த்தும்.

*கேற்.* கிறில் கேற் போட்டுவிட்டுப் பின்னர் நாய் வெளியே போகிறது என்று முழுவதும் தகரம் அடிப்பது வழமை. கீழ் 2½ அடிக்கு மட்டும் அடியுங்கள். நாயும் நிற்கும், பார்வையும் மறையாது.

*மரமும் செடியும்.* அளவு இதுதான்: யன்னலுக்கும் பாதைக்கும் அருகிலுள்ள செடி 2½ அடிக்கு மேல் வளரக் கூடாது, மரத்தின் கீழ்க்கிளைகளை 7 அடி வரை கழிக்க வேண்டும். இடைப்பட்ட வெளி முழுவதும் பார்வைக்குரியது. கூரைக்கு 6 அடிக்குள் வரும் மாங்கிளையை வெட்டுங்கள். யன்னலின் கீழ் முள்ளுள்ள போகன்வில்லாவோ எலுமிச்சையோ நடுவது நல்லது, ஆனால் அது யன்னலை மூடி வளர்ந்தால் அதே செடி மறைப்பாகிவிடும். நகரப்பகுதியில் மான்கள் இளந்தளிரைக் கடித்துவிடும். உயிர்வேலி நட்டால் முதல் பருவத்தில் கம்பிவலை போட்டுக் காக்க வேண்டும், இல்லையேல் இடையிடையே ஓட்டை விழுந்த வேலிதான் மிஞ்சும்.

*ஏறுபடிகள்.* மதிலோடு அடுக்கிய கல், தண்ணீர்த் தாங்கித் தூண், குளிரூட்டியின் வெளிப்பெட்டி, மதிலோரம் நிறுத்திய லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்). இவையெல்லாம் ஏணி. 4 அடி தள்ளி வைத்தாலே போதும். பின்முற்றத்தில் கிடக்கும் அலவாங்கு, கத்தி, மண்வெட்டி, உண்மையான ஏணி எல்லாம் உள்ளே போக வேண்டும். கதவு நெம்ப வருபவன் கருவி சுமந்து வீதியால் வர விரும்பமாட்டான். வளவில் கிடப்பதையே எடுப்பான்.

*சந்திக் கடை.* ஒழுங்கை வாசலில் பெட்டிக்கடையோ, ஆட்டோத் தரிப்பிடமோ, சனசமூக நிலையமோ இருந்தால் அதைப் படத்தில் பெரிதாகக் குறியுங்கள். அங்கிருந்து எத்தனை வீட்டு வாசல் தெரிகிறது? இடையில் ஒரு விளம்பரப் பலகையோ வாழைக் கூட்டமோ மறைத்தால் அதை அகற்றுவது, ஒரு கமரா வாங்குவதைவிட மலிவு.

5. ஆளில்லாத வீடும் வெறும் வளவும்

வெளிநாட்டில் உள்ளவர்களின் பூட்டிய வீடுகள், பங்கு பிரியாத காணிகள், பாதியில் நின்ற கட்டடங்கள் இல்லாத ஒழுங்கை எங்கள் பக்கத்தில் குறைவு. நிலாவெளி, உப்புவெளிக் கரையில் சுற்றுலாப் பருவம் முடிந்ததும் மூடப்படும் விடுதிகளும் இதில் சேரும். இவற்றால் அந்த வீட்டுக்கு மட்டும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். அருகிலுள்ள வீடுகளை நோட்டமிட நிற்குமிடமும், எடுத்த பொருளைத் தற்காலிகமாக மறைக்குமிடமும் இவைதான்.

ஒவ்வொன்றுக்கும் நான்கு விபரம் எழுதுங்கள்: உரிமையாளர் யார், திறப்பு யாரிடம், தொடர்பு கொள்வது எப்படி, கடைசியாகத் துப்புரவு செய்தது எப்போது. உரிமையாளருக்கு அழைப்பெடுத்து, வளவைத் துப்புரவு செய்யவும் செலவை ஏற்கவும் கேளுங்கள். பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள். வளவு பற்றையாகக் கிடப்பதற்கு, இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதுதான் காரணம்.

பதில் வராவிட்டால் டெங்கு வழியால் போங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பது குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தண்ணீர் தேங்கிய பானை, மூடாத கிணறு, தாங்கி இவற்றின் படத்தோடு முறையிட்டால் விடயம் நகரும். ‘கள்ளர் பயம்’ என்று மட்டும் எழுதிய முறைப்பாடு அந்த வேகத்தில் நகராது.

பூட்டிய வீட்டைப் பூட்டிய வீடென்று காட்டுபவை: கேற் வாசலில் குவிந்த சருகு, கேற்றில் செருகிய மின்பட்டியல்கள், பகலிலும் எரியும் விறாந்தை விளக்கு. கடைசியதைப் பலர் பாதுகாப்பென்று நினைத்துச் செய்கிறார்கள். இரவும் பகலும் எரியும் விளக்கு ‘அணைக்க ஆளில்லை’ என்றுதான் சொல்கிறது. அயலவர் ஒருவர் கிழமைக்கு இரண்டு முறை வாசல் கூட்டி, பட்டியலை எடுத்து வைத்து, விளக்கைப் போட்டு அணைத்தால் போதும்.

பாதிக் கட்டடத்தில் சாரமும் பலகையும் பக்கத்து வீட்டு மேல்மாடிக்குப் பாலமாகாமல் பாருங்கள். வேலை நிற்கும் நாளில் சாரத்தின் கீழ்த்தட்டைக் கழற்றி வைக்கச் சொல்லலாம்.

6. இரவு நடை: வெளிச்சம்

சோதனை எளிது. ஒருவர் 30 அடி தூரத்தில் நிற்க வேண்டும். அவர் முகம் அடையாளம் தெரிந்தால் வெளிச்சம் போதும். உருவம் மட்டும் தெரிந்தால் போதாது.

வெளிச்சம் கூடக்கூட நல்லது என்று நினைப்பது பிழை. கண்ணைக் கூசும் ஒரு பெரிய எல்ஈடி விளக்கை மதிலில் பொருத்தினால், அதன் பின்னாலும் பக்கத்திலும் இருள் இன்னும் அடர்த்தியாகும். கூசும் கண்ணுக்கு அங்கே நிற்பவர் தெரியமாட்டார். சிறிய விளக்குகள் இரண்டு மூன்றைக் கீழ்நோக்கிச் சரித்துப் போடுவதே சரி.

இன்னொரு பிழை: யாரும் பார்க்க முடியாத பின்மூலைக்கு இரவு முழுதும் எரியும் விளக்குப் போடுவது. பார்ப்பதற்கு ஆளில்லாத வெளிச்சம், பூட்டை உடைப்பவனுக்கு வேலை வெளிச்சம். அங்கே ஆள் அசைந்தால் மட்டும் எரியும் சென்சர் விளக்குப் போடுங்கள். திடீரென எரியும்போது அயலவர் யன்னலில் தெரியும். 8 அடி உயரத்தில் பொருத்தி, அதன் பார்வை உங்கள் வளவுக்குள்ளேயே விழும்படி திருப்புங்கள். வீதியைப் பார்க்கும்படி வைத்தால் மாடும் நாயும் மானும் போகும்போதெல்லாம் எரியும். ஒரு கிழமையில் யாரும் அதைக் கவனிக்கமாட்டார்கள். பிறகு யாராவது நிறுத்தியும் விடுவார்கள்.

வீதி விளக்கு எரியாத கம்பங்களைப் பட்டியலிட்டு, கம்ப இலக்கம் அல்லது அருகிலுள்ள வீட்டு இலக்கத்தோடு உள்ளூராட்சி சபைக்கு எழுத்தில் கொடுங்கள். ‘எங்கட ஒழுங்கை இருட்டு’ என்ற கடிதம் அங்கே அப்படியே கிடக்கும். இலக்கத்தோடு கொடுத்தால் ஏணியோடு வருபவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: விளக்கு எரிந்தும் வேப்பமரக் கிளை மறைத்திருக்கலாம். புதிய விளக்குக் கேட்பதற்கு முன் கிளையை வெட்டுங்கள். கிளை மின்கம்பிக்கு அருகில் என்றால் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்திடம் கேட்க வேண்டும், நீங்களாகக் கத்தி போட வேண்டாம்.

மின்வெட்டு நேரம் ஒருமுறை ஒழுங்கையால் நடந்து பாருங்கள். எந்த வீடுகளில் மின்கலத்தில் எரியும் விளக்கு இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

7. இப்போது வீடு

இங்கே வந்தபின் பூட்டைப் பற்றிப் பேசலாம். படத்தில் பூச்சியம் விழுந்த கதவுகளும் அவற்றை அண்டிய யன்னல்களும்தான் முதலில். எல்லாக் கதவுக்கும் ஒரே நாளில் செலவு செய்யத் தேவையில்லை.

சுனாமிக்குப் பிறகு கட்டப்பட்டவை உள்ளிட்ட வீட்டுத்திட்டங்களில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. எல்லா வீடும் ஒரே வரைபடம். ஒரு வீட்டின் குசினிக் கதவு எங்கே, அறை எங்கே, எந்த யன்னல் தளர்வு என்று தெரிந்தவனுக்கு வரிசை முழுவதும் தெரியும். இங்கே பலவீனத்தைத் தனி வீடாகத் திருத்திப் பயனில்லை. பத்து வீட்டார் சேர்ந்து ஒரே கொல்லனைப் பிடித்து, ஒரே குறையை எல்லா வீட்டிலும் திருத்துங்கள். விலையும் குறையும்.

குசினிக் கதவு: முன்கதவுக்குக் கனமான பலகை போட்டுவிட்டு இதற்கு மெல்லிய பலகையும் ஒற்றைக் கொண்டியும் போடுவது பொது வழமை. உள்ளிருந்து மேலொன்று கீழொன்றாக இரண்டு கொண்டி. கொண்டியும் பிணைச்சலும் நிலையில் பிடிக்கும் ஸ்குரூ 3 அங்குலம் இருக்க வேண்டும். ¾ அங்குல ஸ்குரூ ஒரு உதையில் கழன்றுவிடும். பிணைச்சல் வெளிப்பக்கம் இருந்தால் அதன் அச்சை வெல்டிங்கில் அடைத்துவிடுங்கள்.

யன்னல் கிறில்: 12 மில்லிமீற்றர்க் கம்பி, இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். வெளியிலிருந்து ஸ்குரூவால் பிடித்த கிறில் ஒரு திருப்புளியால் கழன்றுவிடும். கால்கள் சுவருக்குள் புதைந்திருக்க வேண்டும். படுக்கையறை ஒன்றின் கிறிலாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும், திறப்பு எட்டும் இடத்தில் ஒரே ஆணியில் தொங்கட்டும். தீ பிடித்தால் மற்றக் கிறில்களெல்லாம் சிறைதான்.

கண்ணாடித் தட்டு யன்னலும் குளியலறைத் துவாரமும்: தட்டுகளைச் சத்தமின்றி ஒவ்வொன்றாக உருவலாம். உட்பக்கம் கிறில் இல்லாவிட்டால், தட்டுகளைப் பிடியில் சிலிக்கனால் ஒட்டிவிடுங்கள்.

ஓட்டுக் கூரை: ஓட்டைத் தூக்கி இறங்கும் இடம் பெரும்பாலும் சுவரோரம். சீலிங் இல்லாத அறைக்கு மேல் கம்பிவலை அடிக்கலாம். மாரி மழை கொட்டும் இரவில் கூரைச் சத்தம் எல்லாச் சத்தத்தையும் மூடிவிடும் என்பதை நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

கடற்காற்று: இங்கே இரும்பு ஆமைப்பூட்டு விரைவில் துருப்பிடித்து இறுகும். இறுகிய பூட்டை வீட்டார் பூட்டாமலே தொங்கவிடுவார்கள், அதுதான் உண்மையான ஆபத்து. பித்தளை உடல் பூட்டு, 50 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரபைட் தூள் போடுங்கள். கிறிலின் கீழ் வெல்டிங் மூட்டுத்தான் முதலில் துருவால் தின்னப்படும். சாயம் பார்வைக்கு நன்றாக இருக்கும், கையால் அசைத்தால்தான் தெரியும்.

8. எதை முதலில் செய்வது

காசில்லாத வேலை முதலில்: கிளை வெட்டுதல், கல் அகற்றுதல், கருவிகளை உள்ளே வைத்தல், பூட்டிய வீட்டு வாசல் கூட்டுதல். இவை ஒரு சிரமதான நாளில் முடியும். அடுத்தது படத்தில் வட்டமிட்ட வழிகள். பிறகு வெளிச்சம். பிறகு கதவும் கிறிலும். கமரா கடைசி. வாங்கினால் ஒழுங்கையின் வாயிலில் முகம் தெரியும் உயரத்தில் ஒன்று போதும். கூரை விளிம்பில் உயர வைத்தால் தொப்பி மட்டும்தான் பதியும். அயல்வீட்டு முற்றமும் கிணற்றடியும் அதில் விழக் கூடாது.

9. ஒரு வீடு உடைக்கப்பட்டால்

119க்கு அழையுங்கள், அல்லது உங்கள் பிரிவுப் பொலிஸ் நிலையத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை எதையும் தொடாதீர்கள். ஆறுதல் சொல்ல வரும் கூட்டம் கால் தடத்தையும் கைரேகையையும் அழித்துவிடும். ஆட்களை வீதியிலேயே நிறுத்த ஒருவரை விடுங்கள்.

அன்றே வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு வீடு உடைக்கப்பட்டபின் அடுத்த சில கிழமைகளுக்கு அதே வீட்டுக்கும் அதன் அயல் வீடுகளுக்கும் ஆபத்து கூடுகிறது என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. வழி தெரிந்தவன் அதே வழியால் திரும்ப வருகிறான், அல்லது பக்கத்து வீட்டையும் போகும்போதே பார்த்து வைத்திருக்கிறான். ஆகவே இரு பக்க வீடுகள், பின்மதில் வீடு, அதே பாதையில் உள்ள வீடுகள் எல்லாவற்றுக்கும் அன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். உடைத்த கதவைப் பொலிஸ் பார்த்து முடித்த அன்றே திருத்துங்கள். ‘இனி வரமாட்டான்’ என்று ஒரு கிழமை தள்ளிப்போடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

அவன் வந்த வழியைப் படத்தில் வரையுங்கள். அது ஏற்கெனவே வட்டமிட்ட இடமா? இல்லையென்றால் எந்த நடையில் அதைத் தவறவிட்டீர்கள் என்று பார்த்து அந்த நடையை மீண்டும் செய்யுங்கள்.

10. மறுநடை எப்போது

வருடத்துக்கு இரண்டு முறை. புரட்டாதி முடிவில் ஒன்று, மாரி தொடங்குமுன் கிளை, கூரை, விளக்கு இவற்றைப் பார்க்க. ஆனி மாதத்தில் ஒன்று, வற்றிய வாய்க்காலையும் புழுக்கத்தால் திறந்தே கிடக்கும் யன்னல்களையும் பார்க்க. புதிதாக மதில் எழும்பினாலோ, ஒரு வீடு பூட்டப்பட்டாலோ, சந்திக் கடை மூடப்பட்டாலோ மறுநடைக்குக் காத்திராமல் அந்த இடத்தின் எண்ணை மட்டும் திருத்துங்கள்.

கோயில் தேர், பூங்காவனம், ஆடி அமாவாசை, செத்தவீடு, கலியாணவீடு. ஒழுங்கை முழுவதும் ஒரே நேரத்தில் வெறுமையாகும் நாட்கள் இவை. அந்த நாட்களுக்கு முன்கூட்டியே பெயர் எழுதுங்கள்: வீட்டுக்கு ஒருவர் என்று தேவையில்லை, ஒழுங்கையின் இரு அந்தத்திலும் ஒவ்வொரு விறாந்தையில் இருவர், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறி. பிந்திப் போகும் குழு முந்திப் போனவர்கள் திரும்பிய பிறகே புறப்பட வேண்டும். அந்தப் பட்டியலும் வரைபடம் வைத்திருப்பவரிடமே இருக்கட்டும்.